கோவிலம்பாக்கத்துக்கு யாரும் வரவில்லை

கிழக்குத் தாம்பரம்
12.06.2024

அன்புள்ள அக்கா,

கீதா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். நீ, மோகன் மாமா, ஓவியா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? வால்பாறையில் மழை பிடித்துக்கொண்டது என்று டிவியில் காட்டினார்கள். உன் முதுகுவலி இந்த ஈரத்துக்கு எப்படி இருக்கிறது?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. உங்கள் எஸ்டேட்டில் டவர் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் "நல்லா இருக்கியா", "நல்லா இருக்கேன்" என்று சொல்லி இரண்டு பேரும் போனை வைத்துவிடுகிறோம். எழுதினால் இன்னும் நாலு வார்த்தை வரும் என்று தோன்றியது.

நாவலூர் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன். நம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருக்கிறேன். ஆமாம் அக்கா, அப்பா செத்த வருஷம் நம் இரண்டு பேரையும் ஹாஸ்டலில் சேர்த்துக்கொண்டு, தட்டு டம்ளரிலிருந்து யூனிபாரம் வரைக்கும் கொடுத்துப் படிக்கவைத்ததே, அதே பள்ளிக்கூடம்தான். ஹாஸ்டல் வார்டன் பொறுப்பும் என்னிடம். கீழே வார்டன் அறையிலேயே தங்கிக்கொள்கிறேன்.

ஓவியா பத்தாவதில் நானூற்று அறுபத்திரண்டு வாங்கியிருக்கிறாளே! பிளஸ் ஒன்னுக்கு அவளை இங்கே அனுப்பு. ஹாஸ்டலில் இடம் இருக்கிறது. என் கண் முன்னால் இருப்பாள். யோசித்து எழுது.

அன்புடன்,
கீதா


வால்பாறை
25.06.2024

அன்புள்ள கீதாவுக்கு,

ஜெயக்கொடி எழுதுவது. என் முதுகு அப்படியே இருக்கிறது. மாமாவுக்குத்தான் சரியில்லை. தேயிலை ஃபேக்டரியில் இரும்புத் தட்டு காலில் விழுந்து எலும்பு விரிசல் விட்டுவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு இறங்குகிறது, கவலைப்படாதே.

நாவலூர் வேலையை ஏன் விட்டாய்? நல்ல வேலை என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாய். அங்கே யாருடனாவது சண்டையா? திரும்பிப் போவதற்கு உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

ஓவியாவை அனுப்புகிற எண்ணம் எனக்கு இல்லை. டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு பஸ். மழைக்காலத்தில் அதுவும் வராது. போன மாதம் அந்த வழியில் சிறுத்தை நின்றது. நடத்தி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. பொள்ளாச்சியில் மாமாவின் அக்கா இருக்கிறாள். அங்கே ஒரு துணிக்கடையில் சொல்லிவைத்திருக்கிறாள். அவள் வீட்டில் இருந்துகொண்டு ஓவியா வேலைக்குப் போவாள்.

நமக்குப் பாடம் எடுத்த அந்த ஹெப்சி டீச்சர் இப்போதும் இருக்கிறார்களா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டார்களா?

நேரத்துக்குச் சாப்பிடு.
ஜெயக்கொடி


கிழக்குத் தாம்பரம்
03.07.2024

அன்புள்ள அக்கா,

மாமாவின் கால் பற்றிப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. கட்டு எப்போது பிரிப்பார்கள்? காலை ஊன்றி நடக்கவேண்டாம் என்று சொல்.

யாருடனும் சண்டை இல்லை. அங்கே பாடம் நடத்துவதைவிட ரிப்போர்ட் அனுப்புவதுதான் வேலையாக இருந்தது. இங்கே எழுபத்தெட்டுப் பெண்கள். காலையில் குழாயடியில் நிற்கிற வரிசை மாறவே இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு டைல்ஸ் போட்டுவிட்டார்கள். முன்னால் இரண்டாவது மாடியிலிருந்து ரயில் தெரியுமே, இப்போது அபார்ட்மெண்ட் மறைத்துவிட்டது. சத்தம் மட்டும் கேட்கிறது.

எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி என்னிடம், "மிஸ், நீங்களும் இந்த ஹாஸ்டல்தானா? அப்போ உங்க கட்டில் எது?" என்று கேட்டாள். ஜன்னல் ஓரக் கட்டிலைக் காட்டினேன். அது உன்னுடையது. ஏன் அதைக் காட்டினேன் என்று தெரியவில்லை.

பொள்ளாச்சி வேண்டாம் அக்கா. பிளஸ் ஒன் சேர்க்கை இன்னும் முடியவில்லை. எச்.எம்.மிடம் பேசி ஓவியாவுக்கு ஒரு இடம் எடுத்துவைத்திருக்கிறேன்.

உன் பதிலை எதிர்பார்த்து,
கீதா


வால்பாறை
16.07.2024

அன்புள்ள கீதாவுக்கு,

மாமாவுக்கு அடுத்த மாதம் கட்டுப் பிரிப்பார்கள். மழை நிற்கவே இல்லை. துணி காயாமல் வீடெல்லாம் ஒரு வாடை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அப்படியென்றால் அந்த அம்மா இருக்கிறார்கள், என்னைப் பற்றிக் கேட்கவில்லை என்று அர்த்தம். என் மனசு நோகும் என்று நீ விட்டிருப்பாய்.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? என் பத்தாவது லீவில், அம்மாவின் அண்ணன் என்ற அதிகாரத்தில் சேட்டு மாமா நம்மைக் கோவிலம்பாக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போய், "நீ படிச்சது போதும், அம்மா படுத்துகினு கீறா, வேலைக்குப் போ" என்றாரே, நினைவிருக்கிறதா? அந்த ஜூனில் நீ மட்டும் ஹாஸ்டலுக்குத் திரும்பினாய். ஹெப்சி டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதி உன் கையில் கொடுத்தேன். "நான் படிக்கவேண்டும் டீச்சர், ஒரு தடவை வந்து மாமாவிடம் பேசுங்கள்" என்று எழுதியிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, "டீச்சர் வாங்கிப் படிச்சாங்கக்கா, ஒண்ணும் சொல்லல" என்றாய்.

மூன்று மாதம் காத்திருந்தேன் கீதா. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பிசிறு வெட்டிவிட்டு வருவேன். தெருவில் ஆட்டோ நின்றால் எட்டிப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கின பெண் கையேந்திக் கேட்டாள். அந்த அம்மாவுக்கு வர மனசு இல்லை. நம்பிவிட்டு அறுந்து விழுவதைவிட நம்பாமல் இருப்பது நல்லது. என் பெண்ணை அந்தக் கேட்டுக்குள் அனுப்பமாட்டேன்.

உன் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.
ஜெயக்கொடி


கிழக்குத் தாம்பரம்
30.07.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. ஹாஸ்டலில் பதினோரு பெண்களுக்குக் காய்ச்சல். கஞ்சி, மாத்திரை, ஆஸ்பத்திரி என்று அலைகிறேன். அதனால்தான் தாமதம். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

ஓவியாவுக்கு இரண்டு சுடிதார் துணி அனுப்பியிருக்கிறேன். நீலம் அவளுக்கு எடுப்பாக இருக்கும். மாமாவின் காலைக் கேட்டதாகச் சொல்.

கீதா


வால்பாறை
08.08.2024

அன்புள்ள சித்திக்கு,

ஓவியா எழுதுகிறேன். நீங்கள் நலமா? அப்பாவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். சுடிதார் துணி வந்தது. நீலம் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் அதைத் தைத்து பொள்ளாச்சிக் கடைக்குப் போட்டுப் போகச் சொல்கிறார் அத்தை.

சித்தி, எனக்குப் படிக்க வேண்டும். அப்பா சரி என்றுதான் சொல்கிறார். அம்மாதான் உங்கள் பள்ளிக்கூடம் என்றால் எழுந்து போய்விடுகிறாள். ஏன் என்று கேட்டால், "உனக்குத் தெரியாது" என்கிறாள். நீங்கள் சொன்னால் அம்மா கேட்பாள். இருபதாம் தேதி அத்தை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை எழுதுங்கள், இல்லாவிட்டால் நேரில் வாருங்கள். நான் எழுதினது அம்மாவுக்குத் தெரியாது.

உங்கள் அன்பு,
ஓவியா


கிழக்குத் தாம்பரம்
29.09.2024

அக்கா,

நலம் விசாரித்து இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு யோக்கியதை இல்லை.

உன் கடிதத்தை ஹெப்சி டீச்சரிடம் நான் கொடுக்கவில்லை. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

ஹாஸ்டலுக்கு என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று, பஸ்ஸில் சேட்டு மாமா என்ன சொன்னார் தெரியுமா? "டீச்சர் கீச்சர்னு எவளாச்சும் வூட்டாண்ட வந்து நாயம் பேசினா, உன்னியும் இஸ்துகினு வந்துடுவேன், தெர்தா?" என்றார். உன் கடிதம் அப்போது என் ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்தது. நாலு நாள் ஆபீஸ் ரூம் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். டீச்சர் கோவிலம்பாக்கத்துக்கு வந்தால் மாமா சண்டை போடுவார், நானும் வெளியே போகவேண்டிவரும் என்று பயந்தேன். சனிக்கிழமை துணி துவைக்கும்போது அதைத் தண்ணீரில் நனைத்துக் கசக்கிவிட்டேன். மை கல்லெல்லாம் நீலமாக ஓடியது. மறுநாள் உன்னிடம் வந்து அந்தப் பொய்யைச் சொன்னேன்.

டீச்சர் ரிட்டயர் ஆகிவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் ஹாஸ்டலுக்கு வந்து சின்னப் பெண்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். சேர்ந்த முதல் வாரமே என்னிடம் உன்னைத்தான் கேட்டார். நீ எங்கே இருக்கிறாய், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அதை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

நேற்று முன்தினம் வந்தவர் சொன்னார்: "அந்த ஜூன்ல உங்க மாமா என்கிட்ட வந்தார் கீதா. 'பெரிய பொண்ணுக்குப் படிக்க இஷ்டம் இல்ல டீச்சர், வேலைக்குத்தான் போவேன்னு நிக்கிது'ன்னார். நான் நம்பிட்டேன். இத்தனை வருஷமா அது உறுத்துது. அவளாதானே போனா?"

நான் "ஆமா டீச்சர்" என்றேன். முப்பத்திநாலு வயதில், வாய் கூசாமல் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆகஸ்டில் ஓவியா எனக்கு எழுதினாள். உன்னிடம் பேசச் சொல்லிக் கெஞ்சியிருந்தாள். பேசவேண்டுமென்றால் இதைச் சொல்லவேண்டும். சொல்லாமல் உன் மனசை மாற்ற வழி இல்லை. இருபதாம் தேதி போகட்டும் என்று சும்மா இருந்தேன். உன் கடிதத்துக்குச் செய்ததையே அவள் கடிதத்துக்கும் செய்தேன். அவள் மேல் கோபப்படாதே.

நான் ஏன் இங்கே திரும்பி வந்தேன் என்று கேட்டாய். இங்கே வந்து நாலு பெண்களைக் கரையேற்றினால் அந்தப் பாவம் கரையும் என்று நினைத்தேன். கரையவில்லை.

கீதா


கிழக்குத் தாம்பரம்
28.10.2024

அக்கா,

ஒரு மாதம் ஆகிவிட்டது. என் கடிதம் வந்ததா என்று மட்டும் சொல். திட்டியாவது எழுது. போன் செய்தேன். மாமா எடுத்தார். "அவ இங்கதான் இருக்கா, பேசமாட்டேங்கிறா" என்றார். உங்களுக்குள் என்ன என்று என்னையே கேட்டார்.

தீபாவளிக்கு ஹாஸ்டல் காலியாகிவிட்டது. போக வீடில்லாத ஆறு பெண்களும் நானும் இருக்கிறோம்.

கீதா


கிழக்குத் தாம்பரம்
15.12.2024

அக்கா,

நீயும் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும்.

ஹெப்சி டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெளியே மழை. முடிச்சூர்ப் பக்கம் வழக்கம்போல் தண்ணீர் நிற்கிறது. அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கிறவரைக்கும் திரும்பவே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "உங்க மாமா வந்து சொன்ன அன்னைக்கே நான் போயிருக்கணும். கோவிலம்பாக்கம் என்ன அமெரிக்காவா? பஸ்ல முக்கால் மணி நேரம். இன்னொரு ஆள் சொன்னதைக் கேட்டு, அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேட்காம விட்டேன்" என்றார்.

என்னைத் திட்டவில்லை. "போயிட்டு வா" என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது உன் விலாசத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார். கடந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் ஹாஸ்டலுக்கு வந்தார். பெண்களோடு பேசினார். என் அறைப்பக்கம் வரவில்லை.

கீதா


வால்பாறை
20.01.2025

கீதாவுக்கு,

உன் மூன்று கடிதமும் வந்தன. டீச்சரின் கடிதமும் வந்தது. அதில் என்ன இருந்தது என்று உனக்குச் சொல்லமாட்டேன். அது எனக்கு வந்தது.

உன் செப்டம்பர் கடிதத்தைப் படித்த அன்றும் இலை பறிக்கப் போனேன். பக்கத்தில் இருந்தவர்கள் பேசினதற்கெல்லாம் பதில் சொன்னேன். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவைத்தேன்.

பதிமூன்று வயதில் நீ பயந்தது எனக்குப் புரிகிறது. சேட்டு மாமாவின் குரலைக் கேட்டால் நானும்தான் பயப்படுவேன். அதைத் தள்ளிவிடலாம். ஆனால் அம்மா செத்தபோது வந்தாய். என் கல்யாணத்துக்கு வந்து எனக்குப் பூ வைத்தாய். ஓவியா பிறந்தபோது பத்து நாள் கூட இருந்தாய். டீச்சரைப் பற்றி நான் வாய்க்கு வந்தபடி பேசினபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாய். அப்போதெல்லாம் உனக்கு என்ன வயது?

என்னையும் சும்மா விடமாட்டேன். "படிச்சது போதும்" என்று ஓவியாவிடம் என் வாயால் சொன்னேன். சேட்டு மாமா சொன்ன அதே வார்த்தை. அதை நீ சொல்லிக்கொடுக்கவில்லை.

பொங்கலுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பவில்லை. ஐந்து மாதம் நின்றே வேலை பார்த்ததில் அவளுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. ஒரு வருஷம் போனது போனதுதான். கூடப் படித்த பெண்கள் இப்போது பிளஸ் ஒன் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.

ஜூனில் நானே அவளைக் கொண்டுவந்து சேர்க்கிறேன். டீச்சரைப் பார்க்கவேண்டும். அதுவரைக்கும் எனக்கு எழுதாதே.

ஜெயக்கொடி


கிழக்குத் தாம்பரம்
11.06.2025

அன்புள்ள அக்கா,

அதுவரைக்கும் எழுதாதே என்றாய், எழுதவில்லை. இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன். ஊர் போய்ச் சேர்ந்தாயா? கிளாம்பாக்கத்திலிருந்து பொள்ளாச்சி பஸ் உடனே கிடைத்ததா? அவ்வளவு தூரம் உட்கார்ந்து போனது முதுகுக்கு எப்படி இருக்கிறது?

ஓவியா சுகம். முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாள் இட்லி சரியில்லை என்றாள். வகுப்பில் எல்லாரையும்விட ஒரு வயது பெரியவள் என்பதில் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது. கணக்கு கடகடவென்று வருகிறது. உன் மூளைதான்.

திங்கட்கிழமை நீ ஓவியாவை ஆபீஸில் விட்டுவிட்டு ஹெப்சி டீச்சர் வீட்டுக்குப் போனதாக எச்.எம். சொன்னார். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். பாடம் முடிந்ததும் மாடி வராந்தாவுக்கு வந்தேன். டீச்சர் வீட்டு வாசலில் உன் செருப்பு கிடந்தது. அங்கேயே நின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து நீங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தீர்கள். டீச்சர் உன் கையைப் பிடித்திருந்தார். நீ அழுதிருந்தாய் என்று அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது.

இறங்கி வரவேண்டும் என்றுதான் இருந்தது. என் முகத்தைப் பார்க்க நீ வரவில்லையே, குறுக்கே வந்து நின்று அந்த நாளைக் கெடுக்கக்கூடாது என்று நினைத்தேன். நீ கேட்டுப் பக்கம் திரும்பி மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப இளைத்துவிட்டாய் அக்கா.

கீதா


வால்பாறை
24.06.2025

அன்புள்ள கீதாவுக்கு,

ஜெயக்கொடி எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். மாமா ஃபேக்டரிக்குப் போக ஆரம்பித்துவிட்டார், கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறார்.

ஓவியாவுக்குத் தொண்டை சீக்கிரம் கட்டிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. கூச்சம் கொஞ்ச நாளில் போய்விடும் என்று சொல். வெள்ளிக்கிழமை டீச்சர் வரும்போது அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல். நான் எப்போதும் அங்கேதான் உட்காருவேன்.

நீ மாடியில் நின்றதை நான் பார்த்தேன். பச்சைப் புடவை. டீச்சர் வீட்டு ஜன்னல் வழியாகவே தெரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு தரம் பார்த்தேன், நீ அதே இடத்தில் நின்றாய். டீச்சரிடம் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடக் கேட்டுக்கு வந்தேன். வந்தால் உன்னிடம் என்ன பேசுவேன் என்று எனக்குத் தெரியவில்லை. திட்டியிருப்பேனோ என்னவோ. ஆனால் வருவாய் என்று நினைத்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். வாட்ச்மேன், "யாருக்காகம்மா நிக்கிறீங்க?" என்று கேட்டார். "யாருக்கும் இல்ல, மழை வருமான்னு பார்க்கிறேன்" என்றேன்.

நல்ல வெயில் கீதா. கால் மணி நேரம் நின்றேன். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜெயக்கொடி